காலி இடம்

பாடையில் கிடந்த அப்பாவின் மார்பில் அச்யுத் அவர் வரைந்த சந்தின் வரைபடத்தை வைத்ததும் ஸ்மிதா பாய்ந்து எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, அப்பா உசிரா நெனச்சது. அவரோடவே போகட்டுமே."

"இதுல இருநூத்தி எண்பத்தேழு பேர் இருக்காங்கடா. அவங்களையும் சேத்து எரிக்கப் போறியா?"

வாத்தியார் மந்திரத்தை நிறுத்தினார்.

தெலுங்கு பேசும் மெட்டுகுடாவில் தண்டவாளத்தை ஒட்டிய அந்தச் சந்தில் அறுபத்து மூன்று வீடுகள். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா வரதராஜன் இரண்டு வருடம் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எத்தனை பேர், எந்த ஊர், எந்த வருடம் வந்தார்கள், என்ன பிழைப்பு என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். சந்துக்கு ஒரு சுகாதார நிலையம் வேண்டும் என்று அந்த வரைபடத்தோடு ஐந்து முறை நகராட்சி அலுவலகம் போனார். அங்கே அதிகாரி ராமச்சந்திரன். நம்ம தமிழ் ஆளு, செய்வாரு என்று நம்பித்தான் போனார்.

"எங்க மேப்ல அது காலி இடம் சார். ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

நேற்றுக் காலை அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. மேப்பில் வழியே இல்லை என்று டிரைவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்மிதா ஓடிப்போய் அழைத்து வருவதற்குள் இருபது நிமிடம். அப்பா காத்திருக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராமச்சந்திரன் மாலையோடு வந்தார்.

"பெரிய மனுஷர்மா. அந்த மேப்பைக் குடுத்தா ஆபீஸ்ல ஃபிரேம் போட்டு மாட்டிடலாம்."

"எப்படி சார் வழி கண்டுபிடிச்சீங்க?" என்றாள் ஸ்மிதா. "இங்கதான் ஆளே இல்லையே."

அவர் மாலையைப் பாடையின் ஓரத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனார்.

ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். எதிர்வீட்டு யாதம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மா இல்லு ஏதி பிட்டா?"

ஸ்மிதா வரைபடத்தை விரித்து அவள் வீடு எது என்று தொட்டுக் காட்டினாள். அப்பாவின் பொடி எழுத்தை வாசித்தாள். "யாதம்மா. நல்கொண்டா. தொண்ணூத்தெட்டு. மல்லாபூர்ல ஃபேக்டரி வேலை. நாலு பேர்."

யாதம்மா இல்லையென்று தலையசைத்து ஐந்து விரல்களைக் காட்டினாள். போன வாரம்தான் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

ஸ்மிதா நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள். அழுத்தத்தில் பென்சில் முனை ஒடிந்து தெறித்தது. எழுந்து போய் இன்னொரு பென்சில் தேடினாள்.