முப்பத்திரண்டாம் எண் குடும்பம்

தெருவில் அவருக்கு 'பேலன்ஸ் சார்' என்று பெயர். வேலையையும் வீட்டையும் மனிதர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பதினோரு வருடமாக ஆராய்கிற பேராசிரியருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? குடும்பச் சமநிலை பற்றி அவர் முழங்காத மேடை இல்லை. முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டால், தட்டு மேசையிலேயே காயும். அது வேறு துறை.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஷிப்டுக்குப் பொறுப்பாளர் பதவி அவளைத் தேடி வந்திருந்தது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரைக்கே வரிசை கட்டிவிடுவார்கள். இவள் ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ஏழு வயது மகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப ஓர் ஆள் வேண்டும். வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஓர் ஆள்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் பதவி அடுத்தவளுக்கு.

மூன்று முறை அவரிடம் கேட்டுவிட்டாள். மூன்று முறையும், "கட்டுரை முடியட்டும்மா" என்றார். கட்டுரையின் தலைப்பு, 'காலை வேளைகளில் தந்தையர் எங்கே?'

அதற்காக நாற்பது குடும்பங்கள் இரண்டு வாரம், அரை மணிக்கு ஒரு தடவை யார் என்ன செய்தார்கள் என்று நோட்டில் எழுதின. பெயர் விவரமெல்லாம் அவருடைய ஆராய்ச்சி மாணவியின் பூட்டிய அலமாரியில். பேராசிரியர் கண்ணில் எண்ணும், மாணவி தட்டச்சு செய்து தரும் பக்கங்களும் மட்டுமே படும். பெயர் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

போன மாதம் அந்த மாணவி ஏதோ கோப்பு வாங்க வந்தவள், வாசலிலேயே கண் கலங்கி நின்றாள்.

"அக்கா, ஒரு குடும்பம் பாதியிலயே கழண்டுக்கிச்சு. சாருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவார்."

"அந்த நோட்டை இங்க குடு. நான் எழுதறேன்."

"நீங்களா அக்கா?"

"ஏன், நாங்க குடும்பம் இல்லையா?"

மாணவி பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். ஆராய்ச்சியாளரின் மனைவி எழுதக் கூடாது என்று விதிமுறையில் எங்கும் இல்லை. அப்படி ஒருத்தி இருப்பாள் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

இவளும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மாலை பேராசிரியர் முகமெல்லாம் பல்லாக வந்தார். அவள் மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதைக் கேளேன். முப்பத்திரண்டாம் எண் குடும்பம்னு ஒண்ணு. தங்கச் சுரங்கம்!"

"அப்படி என்ன?"

"அந்த ஆளு முக்கால் மணி நேரம் குளியலறைல இருக்கான். பொண்ணு ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு கதவைத் தட்டுது. இவன் உள்ளே பாட்டுப் பாடறான்! இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா?"

"பாட்டு சுமாராத்தான் இருக்கும்."

காதில் வாங்கினால்தானே. "அந்தம்மாவுக்கு ஒரு பதவி வந்திருக்கு. இவன் 'என் வேலை முடியட்டும்'னு இழுத்தடிக்கிறான். கல்நெஞ்சக்காரன்."

"பாவம் அவ. என்ன செய்யலாங்கறீங்க?"

"எழுதிட்டேனே!" கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'அத்தந்தை காலைப் பொறுப்பு முழுவதையும் ஏற்க வேண்டும். அத்தாய் யார் சம்மதத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.'"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். போனை எடுத்தாள். "மேடம், எனக்குச் சம்மதம். திங்கட்கிழமை வந்துடறேன்" என்றாள்.

"யாரு போன்ல?"

"எங்க லேப். முப்பத்திரண்டாம் எண் அம்மா ஒத்துக்கிட்டாங்க."

பதினோரு வருட ஆராய்ச்சி என்பதால் புரிய ஒரு நிமிடம்தான் ஆயிற்று. கையிலிருந்த தாளைப் பார்த்தார், குளியலறைக் கதவைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். வாயிலிருந்து முதலில் வந்தது மன்னிப்பு என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது.

"அப்ப முப்பத்தொம்பது குடும்பந்தானே தேறும்?"

"ஆமாங்க."

"அந்தப் பாட்டு விஷயத்தையெல்லாம் எழுதணுமாடி?"

"வேணும்னா அடிச்சிடுங்க. திங்கட்கிழமையை அடிக்க முடியாது."

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பேராசிரியர் ஒரு கையில் சீப்பும் மறு கையில் ஒற்றைக் காலுறையுமாக வாசலில் நின்று, "ஸ்கூலுக்கு எந்தப் பக்கம்மா போகணும்?" என்று மகளிடம் கேட்டது தெருக்கோடி வரை கேட்டது. அவள் இரண்டடி முன்னால் நடந்து வழி காட்டினாள்.

பரிசோதனைக் கூடத்தில் புதுப் பொறுப்பாளர் பதினேழாவது ஆளின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மேசையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்கம்மா, வீட்டுல ஏதாவது அவசரமா இருக்கப் போகுது" என்றார் கையை நீட்டியிருந்தவர்.

"அங்க ஆள் இருக்காங்க" என்றாள் அவள். "நீங்க கையை இறுக்கி மூடுங்க."