தட்டுக்கு அடியில் பென்சில்

ஆறு வருஷம். டுலூத் நகரில் பனி கொட்டினாலும் ஏரிக்காற்று காதை அறுத்தாலும் ஒரு சனிக்கிழமை காலைகூட நான் ஓவிய வகுப்பைத் தவறவிட்டதில்லை. வெண்டல் வந்து ஒன்பது வாரம்தான் ஆகிறது. பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாட்டுகிறவன். முதல் நாள் கரிக்கட்டியை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம்தான் கேட்டான். நானும் சொல்லிக்கொடுத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இப்போது ஆசிரியை ரெனாட்டா அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றால் நகருவதே இல்லை. என்னிடம் வந்தால், "நல்லா இருக்கு வெர்னா," அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

ஜூலையில் ஏரித் தீவில் பத்து நாள் ஓவிய முகாம். எங்களில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அது யார் என்று இன்று சொல்வதாக ரெனாட்டா சொல்லியிருந்தாள்.

முதலில் முப்பது விநாடி நிலைகள். மாடல் ஒடெட் குனிந்தாள், நிமிர்ந்தாள், உடம்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். நான் தலை, தோள், விரல் என்று ஒழுங்காகப் போட்டு இடுப்புக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். வெண்டல் தலையிலிருந்து குதிகால் வரை ஒரே இழுப்புதான், தாளில் ஆள் நின்றுவிடுவாள். பார்க்கச் சகிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"என்னப்பா, வீட்ல ஒளிஞ்சு பழகுறியா?" என்றேன்.

"நீங்க வேற! வீட்ல ரெண்டு வாண்டும் பேப்பரைக் கையில எடுக்க விட்டாத்தானே. உங்க மாதிரி விரல் போட எனக்கு இன்னும் வரல, வெர்னா."

அதையும் மனசாரச் சொல்லித் தொலைத்தான்.

கடைசியில் தாளைப் பார்க்காமல் வரைகிற பயிற்சி. காகிதத் தட்டின் நடுவில் பென்சிலைக் குத்தி, தட்டுக்கு அடியில் கையை வைத்து வரைய வேண்டும். தாள் தெரியாது. பென்சிலைத் தூக்கக்கூடாது, கண் ஒடெட்டை விட்டு நகரக்கூடாது. பத்து நிமிஷம்.

"கோணலா வந்தா வரட்டும். கண்ணுல படுறதை மட்டும் போடுங்க," என்றாள் ரெனாட்டா.

இதில் யாருக்கும் அழகாக வராது. எனக்கு மட்டும் வந்தால்? தட்டை ஒரு விரல் அளவு தூக்கினேன். தாளைப் பார்த்தேன். வெண்டல் கவனிக்கிறானா என்று அவனையும் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தபடி ஒடெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், கை மட்டும் எறும்பு மாதிரி ஊர்ந்தது. எனக்கு இன்னும் எரிந்தது. இடுப்பில் கை ஊன்றி நிற்கிற ஒடெட் எனக்கு அத்துப்படி. மீதியைத் தாளைப் பார்த்தே முடித்தேன்.

ரெனாட்டா பத்துப் பேர் தாளையும் சுவரில் குத்தினாள். ஒரே சிரிப்பு. பேர்ல் போட்டதில் மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருந்தது. வெண்டலின் ஒடெட்டுக்கு மூன்று கை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. என் ஒடெட் மட்டும் சிலையாக நின்றாள்.

"அடேயப்பா!" என்று வெண்டல் கத்தினான். "தாளைப் பாக்காமயா இப்படி? தீவுக்கு நீங்கதான் போகணும் வெர்னா!"

அவன் குரலில் பொறாமை ஒரு சொட்டுகூட இல்லை. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒடெட் அங்கியைச் சுற்றிக்கொண்டு, காபியோடு ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தாள். என் படத்தின் முன் நின்றாள்.

"இதுல கை ஏன் இன்னும் இடுப்புலயே இருக்கு?"

"இடுப்புலதானே வெச்சிருந்தே?" என்றேன்.

"மரத்துப்போச்சுன்னு பாதியிலேயே எடுத்துத் தலைமேல வெச்சுட்டேனே."

சுவரைப் பார்த்தேன். ஒன்பது தாளிலும் தலைமேல் கை. முதலிலேயே இடுப்புக் கையைப் போட்டுவிட்டவர்களின் ஒடெட்டுக்கெல்லாம் மூன்று கை. என்னுடையதில் மட்டும் அழகான இரண்டு.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அஞ்சு நிமிஷம் தலையில கையை வெச்சுட்டு நின்னாளே," என்றாள் ரெனாட்டா மெதுவாக. "நீங்க எங்க பாத்துட்டு இருந்தீங்க வெர்னா?"

என் கண் தானாக வெண்டல் பக்கம் போயிற்று. ரெனாட்டாவும் அங்கே திரும்பினாள்.

"தீவுக்கு அவர் போகட்டும்," என்றாள்.