நசுங்காத எலுமிச்சம்பழம்

புஷ்பலதா தன் சின்ன பைபர் படகில் கடலுக்குள் போவது வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். படகைக் கவனித்துக்கொள்ளவே அரை நாள் ஓடிவிடும். மலேசியாவின் சுங்கை செம்பிலாங் கரையில், கடல் வற்றும் வேளையில் சேற்றில் முட்டி போட்டு, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவாள், பெயிண்ட் அடிப்பாள், உப்பு அரிக்காமலிருக்க இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவாள். தொழிற்சாலையில் அவள் பார்க்கும் ஓவர்டைம் காசெல்லாம் இதற்கே சரியாகப் போய்விடும். கணவன் தணிகைவேல் கரையில் நின்று முணுமுணுப்பான். கண் மட்டும் அவள் கைகளை விட்டு நகராது.

ஆயுத பூஜையன்று, காருக்கு வைப்பதுபோல, சேற்றில் அமர்ந்திருந்த படகின் அடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்களை அவனே வைத்தான். கடல் ஏறியது. படகு அலுங்காமல் எழும்ப, பழங்கள் முழுசாக மிதந்து வெளியே வந்தன. தணிகைவேலின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒண்ணுகூட நசுங்கல லதா. இன்னிக்குப் போக வேணாம் லா."

புஷ்பலதா படகில் ஏறி, ஸ்டார்ட்டர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தாள். இன்ஜின் உறுமியது.

"நசுங்குறதெல்லாம் காருக்குங்க. படகுக்கு மிதந்தாத்தான் நல்லது. ஏறுங்க."

இத்தனை நாள் கரையிலேயே நின்றவன், அவள் துடைத்து வைத்திருந்த பலகையில் சேறு படக் கூடாதென்று, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.