யார் முதலில் படியேறுவது

சமாதானம் பேச டெவென்டர் நகருக்கு வந்த இரண்டு தூதர்களும் முதல் மாதம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பகை ஒன்றும் இல்லை. யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்பது முடிவாகவில்லை, அவ்வளவுதான். முதலில் படியேறுகிறவரின் எஜமான் தாழ்ந்த எஜமான் என்றாகிவிடும். ஹெர்லன்பெர்க் டியூக்கின் தூதர் பாரன் கிரெய்ட்சன் ஏறமாட்டார். லிண்டாக் இளவரசரின் தூதர் கோமான் பிரான்டாவும் ஏறமாட்டார். கடைசியில் நகர சபையார் பொறுமையிழந்து, தங்கள் மண்டபத்துச் சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்துக் கொடுத்தார்கள். இருவரும் எதிரெதிர் வாசல்களில் ஒரே நேரத்தில் நுழைந்து, தொப்பியைக் கழற்றாமல் தொட்டுக்கொண்டு, ஒரே நேரத்தில் நாற்காலியில் அமர்ந்தார்கள். எல்லையில் அதற்குள் இரண்டு கிராமங்கள் எரிந்து அணைந்திருந்தன.

பாரனுக்குத் தன் பேச்சைவிடத் தன் கடிதங்களின் மேல்தான் பெருமை அதிகம். ஒவ்வொரு தபாலிலும் டியூக்குக்கு இரண்டு கடிதங்கள் அனுப்புவார். முதலாவது சாதாரண எழுத்தில். போகிற வழியில் லிண்டாக் ஆட்கள் சூடான கத்தியால் அரக்கு முத்திரையைக் கிளப்பி, படித்துவிட்டு, மறுபடி ஒட்டி அனுப்புவார்கள் என்று ஊருக்கே தெரியும். அவர்கள் படிப்பதற்காகவே பாரன் அதை எழுதினார். "ஒரு பிடி மண்ணும் விட்டுத்தர வேண்டாம். எதிரிகள் நடுங்கும் எலிகள். ஆறு உறைந்ததும் நம் படை கடக்கட்டும்." வாசித்துக் காட்டும்போது அவருக்கே புல்லரிக்கும்.

இரண்டாவது, வெறும் எண்களாலான சங்கேதக் கடிதம். அதில்தான் உண்மை இருக்கும். "முதல் கடிதம் மிரட்டலுக்கு மட்டும். படையை அசைக்க வேண்டாம். பழைய பாலத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் கையெழுத்தாகிவிடும்." கடைசி வரி ராஜ காரியத்தில் சேராது. ஆனாலும் அவர் அதை ஒரு முறைகூட விட்டதில்லை. "என் ஒரே மகன் யோஸ்ட் ஆற்றங்கரைக் காவல் படையில் இருக்கிறான் என்பதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்."

இரண்டுக்கும் சேர்த்து அரண்மனையிலிருந்து ஒரே பதில்தான் வரும், அதுவும் சாதாரண எழுத்தில். அதையும் லிண்டாக் ஆட்கள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் விடுவார்கள். "உமது வீரம் கண்டு உள்ளம் பூரித்தோம்."

"பாத்தியா ஷ்டூப், எவ்வளவு அழகா நடிக்கிறாங்க!" என்பார் பாரன் தன் செயலரிடம்.

ஷ்டூப் மூக்கைச் சொறிந்துகொள்வான். "நடிப்பு கொஞ்சம் நல்லாவே இருக்கு பிரபு. சங்கேதத்துல ஒரே ஒரு வரி வந்துட்டா நான் நிம்மதியா தூங்குவேன்."

"எதுக்கு? நாம சொன்னது புரிஞ்சுபோச்சுன்னு எதிரிக்குக் காட்டவா? இதான்யா ராஜதந்திரம்."

"நோட்நாகல் பெரியவர் இருந்தப்ப சங்கேதத்துல பதில் வருமே..."

"அந்தாள் பேச்சை எடுக்காதே!"

நோட்நாகல் என்பவர் முப்பது வருடம் அரண்மனையில் சங்கேதம் பிரித்தவர். அவர் செய்த குற்றம் அவர் மனைவியுடையது. தேவாலயத்தில் பாரன் மனைவியின் பெஞ்சுக்கு முன்பெஞ்சில் அந்த அம்மாள் போய் உட்கார்ந்துவிட்டாள், அதுவும் ஈஸ்டர் பண்டிகையன்று. பாரன் அங்கே ஒரு வார்த்தை, இங்கே ஒரு வார்த்தை போட்டு, கோடைக்குள் கிழவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்திருப்பார்கள். வராமலா இருப்பார்கள்?

குளிர் இறுகியது. மண்டபத்தில் கோமான் பிரான்டாவ் கனல் போட்ட தன் கால் கணப்புப் பெட்டியின் மேல் பாதத்தை வைத்தபடி மெல்லச் சொன்னார்:

"உங்க போன கடிதம் பிரமாதம் பாரன். 'நடுங்கும் எலிகள்'. எங்க வீட்டுச் சமையல்காரன் வரைக்கும் ரசிச்சான். எங்க இளவரசர்தான் ரசிக்கல. பீரங்கியெல்லாம் ஆத்தங்கரைக்கு இழுத்துட்டுப் போறாங்க."

"மிரட்டுறீங்களா?"

"இல்லய்யா, புலம்புறேன். நீங்க வெத்து வேட்டுன்னு எனக்குத் தெரியும். உங்க டியூக்குக்குத் தெரியுமா?"

என்ன மட்டமான தந்திரம் என்று பாரன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆனால் வீடு திரும்பும்போது கால்வாய் ஓரம் ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு போலப் பனி பிடித்திருப்பதைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்த தபாலில் பதில் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. கால்வாய் முழுதும் உறைந்துபோயிற்று. ஊர் மொத்தமும் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு பனிமேல் இறங்கிக் கூத்தடித்தது. வீட்டுக்கார அம்மாள்கூடப் பட்டாணி சூப்பை அடுப்பில் விட்டுவிட்டுச் சறுக்கப் போய்விட்டாள். அந்தச் சிரிப்புச் சத்தம் பாரனுக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

ஒருநாள் காலை கடிதம் வந்தது. ஷ்டூப் பிரித்து, வழக்கம்போல உரக்க வாசிக்க ஆரம்பித்தான். போகப் போக அவன் குரல் இறங்கியது.

"'...நீர் ஓயாமல் வற்புறுத்திய ஆலோசனையை ஏற்றோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்தின் இரண்டாம் ஞாயிறு விடியலில், ஆலைத்துறை அருகே நம் படை ஆற்றைக் கடக்கும். இப்படிப்பட்ட தகப்பனுக்குச் செய்யும் மரியாதையாக, முன்னணிக்கு லெப்டினன்ட் யோஸ்ட் கிரெய்ட்சன் தலைமை தாங்குவார்...'"

"நடிப்பு," என்றார் பாரன். "நடிப்புதானே?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு பிரபு." ஷ்டூப் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "'நீர் அனுப்பும் எண் கடிதங்கள் ஒரு கூடை நிறையச் சேர்ந்துவிட்டன. உமது யோசனைப்படி நோட்நாகலை அனுப்பியபின், சிக்கனம் கருதி அந்த இடத்தில் ஆள் போடவில்லை. அவசரமான சங்கதி எதுவும் இருந்தால் சாதாரண எழுத்தில் எழுதவும்.'"

பாரன் கடிதத்தைப் பிடுங்கினார். முத்திரையைக் கட்டை விரலால் தடவினார். அரக்கு தடித்து, இரண்டு அடுக்காக இருந்தது. இத்தனை மாதமும் அந்த இரண்டாவது அடுக்கைத் தடவித் தடவித்தான் மகிழ்ந்திருந்தார். எதிரி படித்துவிட்டான், பலே!

நாள், நேரம், துறை, முன்னால் நடக்கப்போகிறவன் பெயர். எல்லாவற்றையும் படித்துவிட்டான்.

"இரண்டாம் ஞாயிறு என்னிக்கு?"

"போன ஞாயிறு பிரபு. கடிதத்தை வழியில பிடிச்சு வச்சிருந்துருக்காங்க."

"பேனா கொடு."

"சங்கேதத்துலயா?"

"சாதாரணமா எழுதறேன்யா!"

வாழ்க்கையிலேயே முதல் முறையாக, டியூக்கின் பட்டங்கள் ஒன்றைக்கூடப் போடாமல் எழுத ஆரம்பித்தார். 'படையை நிறுத்துங்கள். நான் எழுதியதெல்லாம் பொய். என் பையனை' என்பது வரை வந்தபோது கீழே தெருக்கதவு திறந்தது.

கட்டியக்காரன் கூவவில்லை. வேலைக்காரர்களின் சலசலப்பு இல்லை. மரப்படியில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ், அவசரமில்லாமல் ஏறி வந்தது.

கோமான் பிரான்டாவ் வாசலில் நின்றார். தொப்பி கையில் இருந்தது. விக் வைத்த தலை குனிந்திருந்தது.

பாரன் எழுந்த வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்தது.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்றார். "யாரு உங்களை ஏறி வரச் சொன்னது? கீழ போங்க கோமான். நான் வரேன். உங்க வீட்டுக்கு நானே முதல்ல வரேன். போங்க, தயவு செஞ்சு தொப்பியைப் போட்டுக்குங்க..."

கோமான் போகவில்லை. தொப்பியையும் போட்டுக்கொள்ளவில்லை.