சிங்கப்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது

சிங்கப்பூர் சென்னையின் புறநகர் என்று சுவாமிநாதன் நிறுவிவிட்டார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். நாலு மணி பத்து நிமிடம். பெருங்குடி ஆபீசிலிருந்து ஒரு மழை நாளில் மயிலாப்பூர் வீடு வந்துசேர அவருக்கு நாலரை மணி ஆயிற்று. ஆகவே சிங்கப்பூர் பெருங்குடியைவிட இருபது நிமிடம் கிட்டே. ஓய்வுபெற்ற பிறகு இதைக் கேட்காமல் யாரும் அவருடன் லிப்டில் இறங்கியதில்லை.

அவ்வளவு கிட்டே இருந்ததால்தான், மகள் மதுவந்தி அங்கே குடிபோய் ஐந்து வருடமாகியும் அவர் ஒருமுறைகூடப் போகவில்லை.

"ஜனவரியிலதான் பிரசவம். ஆனா ஆத்துக்காரர் பாதி நாள் டூர்ல இருக்கார்ப்பா. டிசம்பர்லயே வந்துடேன்" என்றாள் நவம்பரில்.

"கச்சேரி சீசனை விட்டுட்டா? நீ வலிக்கறதுன்னு சொல்லு, நாலு மணி நேரத்துல வாசல்ல நிப்பேன்."

அன்றே அவர் மனைவி ஜானு நல்ல நேரம் பார்த்து, ஒரு பையில் புடவை வைத்து, எதிர் ஃப்ளாட் பீர் முஹம்மது வீட்டில் சிங்கப்பூர் திசை பார்த்த தென்கிழக்கு ஜன்னலடியில் வைத்துவிட்டு வந்தாள். பயணத்துக்கு முன்பே நல்ல நேரத்தில் பையை மட்டும் வெளியே அனுப்பிவைக்கும் பரஸ்தானம்.

"ஏன்டி, ப்ளேன் பாய் ஆத்து ஹால்லேர்ந்தா கிளம்பறது? போர்டிங் பாஸும் அவரே தருவாரா?"

"கேலி பண்ணாதேங்கோ. பை கிளம்பிடுத்துன்னா பின்னாடியே ஆளும் கிளம்பிடும்."

மூன்று வாரம் கேலி கேட்டபின் ஜானுவே பையைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் இருபத்துமூன்று மதியம், சபா கேன்டீனில் இலை முன் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"அப்பா, உடனே ஆபரேஷன்னு சொல்றா. அவர் ஜகார்த்தால இருக்கார்."

"இதோ கிளம்பிட்டேன்!"

விசா என்று ஒன்று உண்டு என்பது அப்புறம்தான் அவர் நினைவுக்கு வந்தது. பெருங்குடிக்கு அது தேவைப்பட்டதில்லை. நடுவில் கிறிஸ்துமஸ், பிறகு சனி, ஞாயிறு. ஏழாம் நாள் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் மட்டும் சொன்னபடி நாலு மணி பத்து நிமிடத்தில் இறங்கியது.

"ஆபரேஷன் ஃபார்ம்ல யாரும்மா கையெழுத்துப் போட்டா?"

"நான்தான். கோணலா வந்துடுத்து" என்று சிரித்தபடி மதுவந்தி குழந்தையை நீட்டினாள். சுவாமிநாதன் அவள் முகத்தைப் பார்க்காமல் வெகுநேரம் குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் போன் செய்தார். "ஜூன்ல மாப்பிள்ளைக்கு டூர் உண்டோ? நாங்க வரட்டுமா?"

"பரவாயில்லப்பா. ஆள் வச்சுண்டுட்டேன். நீ சிரமப்படாதே."

முன்பெல்லாம் "வரப்போறியா, மாட்டியா?" என்று கத்துவாள். அந்தக் கத்தலுக்கு இப்போது அவர் காது ஏங்கியது. விருந்தாளியிடம் பேசுகிற இந்த மரியாதையை அவள் எந்தத் தேதியில் கற்றுக்கொண்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் ஜானு மாடவீதிக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். காலண்டரில் நல்ல நேரத்தை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, ஒரு வேட்டியையும் துண்டையும் பையில் திணித்துக்கொண்டு எதிர் வீட்டு மணியை அடித்தார் சுவாமிநாதன்.

"இன்னா சார், டிக்கெட் போட்டாச்சா?"

"இல்ல பாய்."

"பொண்ணு கூப்ட்டுச்சா?"

"இல்ல."

பீர் முஹம்மது ஜன்னலடி ஸ்டூலில் கிடந்த பேப்பரை எடுத்து இடம் செய்தார். சுவாமிநாதன் பையை வைத்தார். சற்று நின்று பார்த்தார். பிறகு தென்கிழக்குப் பக்கமாக அதை இன்னும் ஓர் அங்குலம் நகர்த்தினார்.