கேசரிக்கு வீடு பார்த்த கதை

கரமனை அக்ரஹாரத்தில் சுமந்த் வீட்டுக்குக் கேசரி வந்தபோது, பத்து நாளில் யாராவது தத்தெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் பேச்சு. மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும் சன் கோனூர் கிளி அது. வளர்த்தவர்கள் ஃபிளாட்டைக் காலி செய்தபோது கூண்டோடு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பறவைகளை மீட்கும் குழுவினர் அதை எடுத்துவந்து, நல்ல வீடு கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி சுமந்திடம் கொடுத்தார்கள். நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவள் அவன் மனைவி பத்மப்ரியா.

பத்து நாள் மூன்று மாதமாயிற்று. காரணம் அதன் தொண்டை. ஆள் கண்ணெதிரே இருக்கும்வரை சமர்த்தாக இருக்கும். அறையைவிட்டு நகர்ந்தால் போதும், தெருக்கோடி வரை கேட்கக் கத்தும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சுமந்த், ஆபீஸ் மீட்டிங்கில்கூட அதைத் தோளில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான்.

இரண்டு குடும்பங்கள் ஆசையாக வந்து எடுத்துப்போயின. அவர்களிடம் ‘கொஞ்சம் பேசும்’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். முதல் வீட்டார் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்தவர்கள் அன்று சாயங்காலத்தைக்கூடத் தாண்டவில்லை.

“இனிமே வர்றவாகிட்ட உள்ளதைச் சொல்லிடு சுமந்த். பாவம், எத்தனை தடவைதான் அது போயிட்டுப் போயிட்டு வரும்?” என்றாள் பத்மப்ரியா.

மூன்றாவதாக வந்தவள் பொன்னம்மை. ஐம்பத்தைந்து வயதுத் தையல்காரி. லேத் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். சுமந்த் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். காதில் மாட்டியிருந்த மிஷினைத் திருகிக்கொண்டே அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். உரக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனான். அவளும் அப்போது வாசல் பக்கம் செருப்பைத் தள்ளி வைக்கப் போயிருந்தாள். கேசரி ஆரம்பித்துவிட்டது.

அவன் டம்ளரோடு ஓடிவந்தபோது, பொன்னம்மை வாசலிலேயே காது மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கமே பார்த்தபடி நின்றாள்.

“சாரே, இது இல்லாமலே கேக்குது,” என்றாள். “ஒரு குரலை இப்படிக் கேட்டு ஆறு வருஷமாச்சு.”

அன்றே கேசரி போயிற்று. அமைதியான வீட்டில் சுமந்துக்கு வேலையே ஓடவில்லை. திருப்பித் தருகிறேன் என்று போன் வரும் என ஐந்து நாள் எதிர்பார்த்தான். வரவில்லை. ஆறாம் நாள் போன் வந்தது, ஆனால் வேறு விஷயத்துக்கு. கிளி சத்தமே போடவில்லை, சீக்காக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றாள் பொன்னம்மை. சுமந்த் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில், நாற்காலி முதுகில் உட்கார்ந்து கேசரி கொய்யாத்துண்டைத் தின்றுகொண்டிருந்தது. கண் தெளிவாக இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. அவள் பகலெல்லாம் எங்கே இருப்பாள் என்று விசாரித்தான். இந்த அறையிலேயேதான், சாப்பாடுகூட இங்கேதான் என்றாள். சுமந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்க கண்ணெதிர்லயே இருக்கேள். அது எதுக்குக் கத்தணும்? அடுக்களைக்குப் போய் நின்னு பாருங்கோ.”

பொன்னம்மை காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். சுமந்த் எதிரிலேயேதான் இருந்தான். மூன்று மாதம் தோளில் சுமந்தவனைக் கேசரி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொய்யாவைக் கீழே போட்டுவிட்டு, அடுக்களை வாசலைப் பார்த்து வீடு அதிரக் கத்தியது. அவனுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

உள்ளே பொன்னம்மை சிரிப்பது கேட்டது. அவள் உடனே வருவதாகத் தெரியவில்லை. சுமந்த் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு காத்திருந்தான்.