அருவிக்கு மேலே பத்து நிமிடம்

சவ வண்டி மூன்றாவது முறையாக நின்றது. பின்னால் வந்த சிற்றுந்தும் நின்றது. மடியிலிருந்த அப்பாவின் படம் சரியாமல் கயோகோ பிடித்துக்கொண்டாள். முன்னால், மலைப்பாதையின் வளைவுக்கு வளைவு, சுற்றுலாப் பேருந்துகள். இலைகள் சிவக்கும் மாதம், ஞாயிற்றுக்கிழமை வேறு.

"ஒண்ணரைக்கு மயானத்துல இருக்கணும். மூணு மணி வரைக்கும்தான் பாப்பாங்களாம்," என்று அண்ணன் தோமோகி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தான். "விட்டா நாளான்னைக்குத்தான்."

"ஏன், நாளைக்கு?" என்றாள் அம்மா.

"நாளைக்கு நாள் நல்லாயில்லம்மா. மயானமே திறக்க மாட்டாங்க."

அம்மா கைக்குட்டையை மடித்தாள். "நாப்பது வருஷம் இந்த நெரிசல்லதான் கெடந்தாரு. இன்னும் ஒரு மணி நேரம் கெடந்தா ஒண்ணும் ஆகாது."

அப்பா கின்ஜி சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். வெந்நீர் ஊற்று விடுதிகளிலிருந்து காலையில் ஆட்களை ஏற்றுவார். ஏரி, அருவி, மலைமுகடு என்று காட்டிவிட்டு மாலையில் கொண்டுவந்து இறக்குவார். விடுமுறை நாட்களில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. ஒன்பது வயதில் கயோகோ ஒருமுறை அருவிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டாள். "அங்க என்ன இருக்கு? மேலருந்து தண்ணி விழுது," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அவள் பிறகு கேட்கவில்லை. கல்யாணமாகிச் சமவெளிக்குப் போனாள். இப்போது நாற்பத்து மூன்று வயது. வியாழக்கிழமை அப்பா குளியல் தொட்டியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அருவியின் வாகன நிறுத்தத்தை அடைந்தபோது இரண்டு மணி. அங்கே வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த உபுகாத்தா ஓடிவந்தார். தொப்பியைக் கழற்றிச் சவ வண்டியைப் பார்த்துக் குனிந்தார். பிறகு சிற்றுந்தின் சன்னலுக்கு வந்தார்.

"கின்ஜி அண்ணனா? நேத்துத்தான் சொன்னாங்க. வண்டிய இப்படி ஓரமா விடுங்க. கீழ நிக்கிற ஆளுக்குச் சொல்றேன். ஏறி வர்ற வண்டிய நிறுத்திட்டா எதிர்ப்பக்கமாவே நீங்க எறங்கிடலாம். நடுவுல இருக்கற வண்டிங்க ஏறி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும்."

"உங்களத் திட்ட மாட்டாங்களா?" என்றான் தோமோகி.

"திட்டுவாங்க. தெனமும்தான் திட்டுறாங்க."

அம்மா கயோகோவின் பக்கம் திரும்பினாள். "நீ போய்ப் பாத்துட்டு வாயேன்."

"எத?"

"அருவியத்தான்."

"இப்பவாம்மா?" என்றான் தோமோகி. "பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"எல்லாம் வெளியூர் சனம். படத்த இப்படிக் குடுடி."

கயோகோ இறங்கினாள். உபுகாத்தாவிடம், "அப்பா அருவியப் பாத்திருக்காரா?" என்று கேட்டாள்.

"அவரா? வண்டிய விட்டு எறங்க மாட்டாரு. கண்ணாடியத் தொடச்சிக்கிட்டே இருப்பாரு. ஒரு தடவ போனாரு. ஒரு பெரியம்மா போனவங்க திரும்பி வரல, கால் பிசகிடுச்சு. முதுகுல தூக்கிக்கிட்டு இருநூறு படி ஏறி வந்தாரு. எப்படிண்ணே இருந்துச்சு அருவின்னு கேட்டேன். 'பாக்கல, படியத்தான் பாத்தேன்'னாரு."

துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புக் கிமோனோவில் காலை அகட்டி வைக்க முடியவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினாள். சத்தம்தான் முதலில் வந்தது, பிறகு முகத்தில் ஈரம். பார்வை மேடை முழுக்க முதுகுகள். எட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" ஓர் இளம் ஜோடி. அவள் உடையை அவர்கள் கவனிக்கவில்லை. கம்பியோரம் பிடித்த இடத்தை விடாமல் கைப்பேசியை நீட்டினார்கள்.

திரையில், இரண்டு தலைகளுக்கு நடுவே, கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க, அருவி மறையுது," என்றாள். இரண்டு முறை எடுத்தாள். மேலே தோமோகி கையை வீசி அழைப்பது தெரிந்தது.

மயானத்தை அடைந்தபோது இரண்டு நாற்பது. ஊழியர் உடனே உள்ளே அழைத்துப்போனார். பிக்குவின் ஓதல் சுருக்கமாக முடிந்தது. எரியுலையின் இரும்புக் கதவு மூடியது. எரிந்து முடிந்து எலும்பு பொறுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

காத்திருக்கும் அறையில் தோமோகி வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். உறவினர்கள் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓர் ஆரஞ்சை உரித்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"கூட்டம்மா."

"தண்ணி நெறைய விழுதா?"

"விழுது."

அம்மா தலையாட்டினாள். நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சுளைகளைத் தேநீர்த் தட்டில் நாலு பங்காக வைத்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பங்கை எடுத்து மற்ற மூன்றிலும் பிரித்துப் போட்டாள். ஒரு சுளை மிஞ்சியது.